பழைய ஜீப் சீரமைப்பு

பழைய ஜீப் சீரமைப்பு என்பது, நெடுநாள் ஓடித் தேய்ந்த நாற்சக்கர இயக்க ஊர்தி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன் அடிச்சட்டம், எஞ்சின், அச்சுகள், பிரேக், உடற்கூடு ஆகியவற்றைப் பழுது நீக்கி, சட்டப்படி மீண்டும் சாலையில் ஓட்டத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். இந்தியாவில் இது பெரும்பாலும் மகிந்திரா நிறுவனத்தின் ஜீப்புகளையும், அவற்றை அடுத்து மாருதி ஜிப்சி ஊர்தியையும் சார்ந்து நடைபெறுகின்றது. தமிழ்நாட்டில் மலைத்தோட்டப் பகுதிகளில் மட்டுமன்றி, விழுப்புரம் மாவட்டத்து வளவனூர் போன்ற சமவெளிப் பேரூர்களிலும் இத்தகைய வண்டிகளைக் காணலாம்.

பெயர்

தமிழ்ப் பேச்சு வழக்கில் "நான்கு சக்கர வாகனம்" என்பது மகிழுந்து, சிற்றுந்து என எதையும் குறிக்கும். "நாற்சக்கர இயக்கம்" என்பது வேறு. எஞ்சினின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தப்படும் அமைப்பை மட்டுமே அது குறிக்கும். இந்த வேறுபாட்டை வாங்குபவர் நினைவில் கொள்ளுதல் வேண்டும். தோற்றத்தில் ஜீப்பாக இருக்கும் வண்டிகளுள் கணிசமானவை பின்சக்கரங்களால் மட்டும் இயங்குபவை.

"ஜீப்" என்னும் சொல்லின் தோற்றம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. பொதுப் பயன்பாட்டு ஊர்தி என்பதைக் குறித்த ஜி.பி. என்ற ஆங்கில முதலெழுத்துகளின் திரிபு என்பர் சிலர். 1936 இல் பாப்பாய் கேலிச்சித்திரத் தொடரில் தோன்றிய யூஜின் என்னும் விலங்குப் பாத்திரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். இன்று அது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயராக இருப்பினும், தமிழ்நாட்டில் எந்த நிறுவனம் செய்தாலும் இவ்வடிவ வண்டி ஜீப் என்றே அழைக்கப்படுகின்றது.

வரலாறு

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ்-ஓவர்லாந்து நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்தபின் வில்லிஸ் நிறுவனம் 1945 இல் சிஜே-2ஏ என்னும் குடிமக்கள் பயன்பாட்டு வண்டியையும், 1949 இல் சிஜே-3ஏ வண்டியையும், 1953 இல் சிஜே-3பி வண்டியையும் வெளியிட்டது. இவற்றுள் கடைசி வண்டியே இந்தியச் சாலைகளில் மிகவும் அறிமுகமானது. அதன் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் உயரமாக இருந்தமையால் முன்மூடியும் உயர்த்தப்பட்டது. அந்த உயர்ந்த மூக்கைக் கொண்டே இவ்வகையைத் தொலைவிலிருந்து அடையாளம் காணலாம்.

மகிந்திரா நிறுவனம் 1945 இல் மகிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் எஃகு வணிக நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. பங்காளிகளுள் ஒருவரான மாலிக் குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாக்கித்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948 இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என மாற்றப்பட்டது. 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிப்பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கிய இந்நிறுவனம், பின்னர் உரிமம் பெற்று அவற்றை உள்நாட்டிலேயே செய்தது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட சமூக வளர்ச்சித் திட்டம், வட்டார வளர்ச்சி அலுவலகங்கள் வழியாக ஜீப்பைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. ஊருக்குள் ஜீப் வந்தால் அதிகாரி வந்திருக்கிறார் என்று பொருள் கொள்ளும் வழக்கம் இதிலிருந்து தோன்றியது எனலாம்.

அமெரிக்காவில் சிஜே-3பி உற்பத்தி 1968 இல் நின்றது. இந்தியாவில் அதன் வடிவம் அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஒரே உதிரிப்பாகம் வெவ்வேறு காலத்து வண்டிகள் பலவற்றுக்கும் பொருந்துவதற்கு இதுவே காரணம். பழைய ஜீப்பைச் சீரமைப்பது இந்தியாவில் எளிதாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

1948 ஜீப் ஊழல்

சீரமைக்கப்பட்ட பழைய ஜீப்பை வாங்கி ஏமாந்தவர்களுள் இந்திய அரசும் ஒன்று. 1948 இல் காசுமீரில் போர் நடந்துகொண்டிருந்தபோது, படைக்கு உடனடியாக ஜீப்புகள் தேவைப்பட்டன. அப்போது இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருட்டிண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தவிர்த்து, பழுது பார்க்கப்பட்ட ஜீப்புகளுக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாய் மதிப்பிலான ஒப்பந்தம் செய்தார். முறையான சோதனைக்கு முன்னரே பெருந்தொகை முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகளே. அவையும் படையின் பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் இல்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டு என்று இது குறிப்பிடப்படுகின்றது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரணை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும் 1955 செப்டம்பர் 30 அன்று இவ்விவகாரம் முடிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. 1956 பிப்ரவரியில் மேனன் நடுவண் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

வகைகள்

பழைய வண்டிச் சந்தையில் கிடைப்பவற்றுள் மிகவும் மூத்தது சிஜே-3பி. அதன் அச்சிடைத் தொலைவு 80 அங்குலம் (2,032 மி.மீ.). மூன்று முன்னோக்குக் கியர்களும், அச்சு விகிதம் 5.38 உம் கொண்ட இவ்வண்டி இழுவையில் சிறந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்ட ஏற்றதன்று. இதன் வழிவந்த சிஜே-500டி வண்டியில் இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதிர்வும் ஓசையும் மிகுந்த இந்த எஞ்சினைச் சிற்றூரில் டிராக்டர் பழுது பார்ப்பவரே இறக்கிக் கட்டிவிடுவார் என்பது அதன் பெருஞ்சிறப்பு.

1980களின் நடுப்பகுதியில் வந்த எம்எம்-540, இன்றும் மிகுதியாகத் தேடப்படும் வண்டியாகும். 91 அங்குல அச்சிடைத் தொலைவும், பெஜோ உரிமத்தில் செய்யப்பட்ட எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினும் இதன் அடையாளங்கள். பெயரிலுள்ள 4.90 என்பது நான்கு உருளைகள், 90 மி.மீ. விட்டம் என்பதைக் குறிக்கும். வீச்சு நீளம் 83 மி.மீ. ஆதலால் கொள்ளளவு 2,112 க.செ.மீ. ஆகின்றது. இது மறைமுக உட்செலுத்தல் வகை என்பதால் குளிர்நிலையில் கிளப்புவதற்கு ஹீட்டர் பிளக் தேவை. பின்னர் வந்த 2,523 க.செ.மீ. நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களுக்கு அது தேவையில்லை. எம்எம்-550, கிளாசிக், மேஜர், கமாண்டர் முதலிய பெயர்களில் வெளிவந்த வண்டிகளுள் நாற்சக்கர இயக்கம் கொண்டவையும் இல்லாதவையும் உள்ளன. 2010 இல் வெளிவந்து 2020 வரை விற்பனையான முதல் தலைமுறைத் தார் வண்டியும் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் அதனை மலிவு என்று கூற இயலாது.

மாருதி ஜிப்சி 1985 டிசம்பரில் 970 க.செ.மீ. பெட்ரோல் எஞ்சினுடன் அறிமுகமாயிற்று. 1996 இல் 1.3 லிட்டர் எஞ்சின் பெற்ற ஜிப்சி கிங் வந்தது. 2000 இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தல் அமைப்பு இடம்பெற்றது. பொதுமக்களுக்கான விற்பனை 2019 இல் முடிவுக்கு வந்தது. எடை குறைவு என்பதால் சேற்றில் இது ஜீப்பினும் எளிதாகத் தப்பிவிடும். துருப்பிடிக்கும் மெல்லிய தகடு இதன் குறை.

இராணுவ ஏலங்களில் கிடைத்து வந்த ஜோங்கா தனி இனமாகும். நிசான் பேட்ரோல் வண்டியின் உரிம வடிவமான இது, ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்யப்பட்டது. இதன் ஆறு உருளை, 3,956 க.செ.மீ. பெட்ரோல் எஞ்சின் பெருந்தீனி தின்பது. ஆதலால் ஏலத்தில் எடுத்தோர் பலர் அதனைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினர். அவ்வண்டிகள் இன்று சந்திக்கும் சட்டச் சிக்கல் கீழே கூறப்பட்டுள்ளது.

இலங்கையில் இதே இடத்தை மிட்சுபிசி ஜீப் நிரப்புகின்றது. வில்லிஸ் உரிமத்தில் 1953 முதல் 1998 வரை சப்பானில் செய்யப்பட்ட இவ்வண்டி, அதன் டீசல் எஞ்சினின் பெயரால் 4டிஆர்5 ஜீப் என்றே அங்கு அறியப்படுகின்றது.

வண்டி கிடைக்கும் இடங்கள்

நெடுங்காலம் மலிவான ஜீப்புகளுக்கு மூலமாக இருந்தவை அரசுத் துறைகளின் கழிவு ஏலங்களே. இந்த வழி அடைபட்டுவிட்டது. 2023 சனவரியில் வெளியான நடுவண் அரசின் அறிவிக்கையின்படி, 15 ஆண்டுகளைக் கடந்த அரசு ஊர்திகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாததாகிவிட்டது. அவை பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்கே செல்லவேண்டும். எனவே, அலுவலக ஜீப் என்று கூறி விற்கப்படும் வண்டி, இந்நாளுக்கு முன்னரே தனியார் பெயருக்கு மாற்றப்பட்டதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

இராணுவக் கழிவு வண்டிகளுக்கு மேற்கு வங்காளத்தின் பானாகர் பெயர் பெற்ற சந்தையாகும். அரியானாவின் மண்டி டப்வாலி, கழிவுப் பாகங்களைச் சேர்த்துப் புதிதுபோல் திறந்த ஜீப் கட்டித்தரும் பட்டறைகளுக்குப் பெயர் போனது. அங்கு கட்டப்படும் வண்டிகள் கண்ணைக் கவர்வன. ஆனால் அடிச்சட்டம் ஓரிடத்தும், எஞ்சின் வேறிடத்தும், பதிவுச் சான்றிதழ் மூன்றாவது ஓரிடத்தும் பிறந்திருக்கக்கூடும் என்பதால் ஆவண ஆய்வு இன்றியமையாதது. தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் ஊர்திகளுக்கு 2015 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்ததும், 2018 இல் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தியதும் வடக்கிலிருந்து பல வண்டிகளைப் பிற மாநிலங்களுக்குத் தள்ளின.

தமிழ்நாட்டுக்குள் தேடுவோர் இரண்டு வகை வண்டிகளைக் காண்பர். ஒன்று மலைவண்டி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் போலக் கற்பாதையில் பாரம் சுமந்தவை இவை. எஞ்சின் நன்கு பேணப்பட்டிருக்கும், அடிச்சட்டத்தில் விரிசல் இருக்கும். மற்றொன்று சமவெளி வண்டி. அடிச்சட்டம் நேராக இருக்கும், நாற்சக்கர இயக்கப் பகுதியோ ஆண்டுக்கணக்கில் அசையாமல் இறுகியிருக்கும் அல்லது முன் சுழல்தண்டு கழற்றி எடைக்குப் போடப்பட்டிருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டாவதே பொருத்தமானது. கழன்ற சுழல்தண்டை வாங்கிப் பூட்டலாம், முறிந்த அடிச்சட்டத்தை நம்பி ஓட்ட இயலாது.

உதிரிப்பாகங்களுக்கு வளவனூர், விழுப்புரம் பகுதியினர் புதுச்சேரியை நாடுவர். அங்கும் கிடைக்காதவற்றுக்குச் சென்னையின் புதுப்பேட்டை உள்ளது. பழைய ஊர்திகளைப் பிரித்து விற்கும் அச்சந்தையில் பாகத்தின் பெயரைக் கூறுவதைவிடத் தேய்ந்த பாகத்தைக் கையில் கொண்டு சென்று காட்டுவதே பயன் தரும்.

ஆவணங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் ஆவணத்தைப் பார்ப்பதே முறை. எஞ்சின் பழுதை நீக்கப் பணம் இருந்தால் போதும். பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட எவ்வளவு பணமும் உதவாது.

மோட்டார் ஊர்திகள் சட்டம், 1988 இன்படி தனியார் ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் மகிழுந்து வகைக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டு அறிவிக்கையால் 20 ஆண்டுகளைக் கடந்த இலகு ஊர்திகளுக்கு அது 10,000 ரூபாயாயிற்று. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. மலிவு வண்டியின் விலையைக் கணக்கிடும்போது இவற்றையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட எண், வண்டியின் சட்டத்தில் கொத்தப்பட்ட எண்ணுடன் ஓரெழுத்தும் மாறாமல் ஒத்திருக்க வேண்டும். எண் கொத்திய இடத்தில் புதுப்பூச்சு, அரத்தடம், ஒட்டுப்போட்ட தகடு ஆகியவை தென்பட்டால் அவ்வண்டியை விட்டுவிடுதல் நன்று. துருவால் எண் மறைந்திருந்தால் கம்பித்தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு மெல்லத் துலக்கிப் பார்க்கலாம்.

எஞ்சின் மாற்றம் மிகப் பரவலான சிக்கலாகும். பெட்ரோல் ஜீப்புகளுக்கும் ஜோங்காக்களுக்கும் மட்டடோர் சிற்றுந்தின் எஞ்சினையோ பெஜோ எஞ்சினையோ பொருத்துவது முற்காலத்தில் இயல்பாக நடந்தது. சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. எனவே, மாற்றப்பட்ட எஞ்சினின் எண்ணும் எரிபொருள் வகையும் சான்றிதழில் முறைப்படி பதிந்துள்ள வண்டியையே வாங்கவேண்டும். "பிறகு பதிந்துகொள்ளலாம்" என்னும் விற்பவரின் உறுதிமொழிக்கு மதிப்பில்லை.

திண்டிவனம் அலுவலகத்தின் பதிவெண் டிஎன்-16 எனவும், விழுப்புரம் அலுவலகத்தினது டிஎன்-32 எனவும் தொடங்கும். வளவனூரிலிருந்து புதுச்சேரி மிக அண்மையில் உள்ளதால் பிஓய்-01 எண் கொண்ட வண்டிகளும் விற்பனைக்கு வரும். சாலை ஒன்றே எனினும் அது வேறு ஆட்சிப்பகுதி. புதுச்சேரி வண்டியைத் தமிழ்நாட்டில் வைத்துக்கொள்ள அங்கிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற்று, இங்கு வரி செலுத்தவேண்டும். 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறுவது கட்டாயம்.

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை உரியவை. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களுடன் வண்டி கைமாறிக்கொண்டே செல்வதும், பெயர் மட்டும் முதல் உரிமையாளரிடம் நின்றுவிடுவதும் பழைய ஜீப்புகளில் சாதாரணமாகக் காணப்படுவது. இது விற்றவருக்குப் பெரும் இடர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். எத்தனை கை மாறினும் இப்பொறுப்பு நீங்காது.

50 ஆண்டுகளைக் கடந்த, அடிப்படை மாற்றம் செய்யப்படாத ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்தி என வகைப்படுத்திப் பதியும் விதிகள் 2021 சூலையில் வந்தன. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், செல்லுங்காலம் 10 ஆண்டுகள், பதிவெண்ணில் விஏ என்னும் எழுத்துகள் இடம்பெறும். இவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. 1970களின் தொடக்கத்து சிஜே-3பி வைத்திருப்போர் இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யவேண்டும்.

வாங்குமுன் ஆய்வு

சென்றவுடன் முன்மூடியின்மேல் கை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்னரே எஞ்சினைக் கிளப்பி வைத்துள்ளார் என்பது பொருள். தேய்ந்த டீசல் எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் தன் குறையைக் காட்டும். ஆறவிட்டுக் கிளப்பச் சொல்லுதல் நன்று. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டு வேகமாகப் பீறிடுமாயின், பிஸ்டன் வளையங்களும் உருளைச் சுவரும் தேய்ந்துள்ளன. பட்டறைகளில் இதனைப் "பேக் கம்ப்ரஷன்" என்பர். புகைபோக்கியில் நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுதியையும், சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை எரியாத டீசலையோ உருளைக்குள் புகும் நீரையோ காட்டும்.

உடற்கூட்டைச் சோதிக்கத் துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்று போதும். தகட்டில் ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. அடிப்பலகை மீதுள்ள இரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் எந்த ஜீப்பையும் வாங்கலாகாது. நீர் தேங்கித் துரு தின்பது அங்கேதான். மரக்காணம் உப்பளப் பகுதியிலும் புதுச்சேரிக் கடலோரத்திலும் இருந்து வரும் வண்டிகளில் இவ்வாய்வை இருமடங்கு கவனத்துடன் செய்யவேண்டும்.

நாற்சக்கர இயக்கத்தைச் சோதிக்க விற்பவரின் சொல்லையோ உள்ளே இருக்கும் நெம்புகோல்களையோ நம்பலாகாது. முதலில் குனிந்து, முன் அச்சில் பல்லிணைக்கூட்டின் உருண்டைப் புடைப்பு உள்ளதா, அதிலிருந்து மாற்றுப் பெட்டிக்குச் சுழல்தண்டு செல்கின்றதா என்று காணவேண்டும். புடைப்பின்றி வெறும் தடியாக இருந்தால் அது பின்சக்கர இயக்க வண்டி. பின்னர் தளர்ந்த மணலிலோ உழுத நிலத்திலோ தாழ்கியரில் நகர்த்தி நான்கு சக்கரங்களும் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

இதனைத் தார்ச்சாலையில் செய்து பார்க்கக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பழைய ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேற்றுமைப் பல்லிணை கிடையாது. நாற்சக்கர இயக்கத்தை ஈடுபடுத்தினால் இரு சுழல்தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். ஆனால் வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமின்றி முறுக்கு உள்ளே சேர்ந்து, நெம்புகோல் இறுகி, இறுதியில் பல்லோ தண்டோ முறியும்.

இதே காரணத்தால் இரு அச்சுகளின் பல் விகிதமும் ஒன்றாக இருக்கவேண்டும். நெடுஞ்சாலை வேகத்துக்காகப் பின் அச்சை மட்டும் வேறு வண்டியிலிருந்து மாற்றியிருந்தால், நாற்சக்கர இயக்கம் பெயரளவில்தான் இருக்கும். இதனை எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கியரை நடுநிலையில் வைத்து, பிற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஓர் அச்சின் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கவேண்டும். அதனை இரண்டு முழுச்சுற்றுச் சுற்றும்போது சுழல்தண்டு எத்தனை முறை சுற்றுகின்றதோ அதுவே அவ்வச்சின் விகிதம். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று தேவைப்படுகின்றது. சுண்ணக்கட்டியால் தண்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. முன்னும் பின்னும் ஒரே எண் வரவேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்கள் நீரில் மூழ்கின. இவ்வாறான நிகழ்வுகளுக்குப் பின் சில மாதங்களில் மலிவு விலை வண்டிகள் சந்தைக்கு வருவது இயல்பு.

பழைய டீசல் ஜீப்பில் மின்னணுப் பாகங்கள் இல்லாமையால், மூழ்கிய வண்டி என்பதற்காகவே அதனை ஒதுக்கவேண்டியதில்லை. நீர் புகுந்ததா, புகுந்தபின் எண்ணெய் மாற்றப்பட்டதா என்பவையே வினாக்கள். அச்சுகள், மாற்றுப் பெட்டி, கியர்பெட்டி ஆகியவற்றின் எண்ணெய்த் திருகைச் சற்றுத் தளர்த்தி ஒழுகவிட்டால் விடை கிடைக்கும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. அந்நிலையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் தாங்கிகளும் பற்களும் துருவால் குழிவிழுந்திருக்கும். விளக்குக் கூடுகளில் படிந்த வண்டல், இருக்கைத் தண்டவாளத் துரு, கம்பிவடத்தின் உள்ளே ஏறிய பச்சைப் பாசி ஆகியவை நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் கூறிவிடும். நீருக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து நின்றிருந்தால் இணைப்புத்தண்டு வளைந்திருக்கவும் கூடும்.

சீரமைப்பு

பெரும்பாலான உரிமையாளர்கள் டிங்கர் வேலையிலும் வண்ணப்பூச்சிலும் தொடங்குகின்றனர். பளபளக்கும் ஜீப் நிற்க முடியாமல் மோதுவதற்கு இதுவே வழி. பிரேக், ஸ்டியரிங், அடிச்சட்டம், அதன்பின் எஞ்சின் என்பதே பொருத்தமான வரிசை. பூச்சு கடைசியில் வரலாம், வராமலும் போகலாம்.

பழைய சிஜே-3பி வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் உருளை பிரேக்கே உண்டு. அவை அனைத்துக்கும் ஒரே நீர்மச் சுற்று. ஏதேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒருசேர இழக்கப்படும். ஆகவே எல்லா இரப்பர் குழாய்களையும், சக்கர உருளைகளின் கிண்ண இரப்பர்களையும், துருவேறிய உலோகக் குழாய்களையும் எப்படித் தோன்றினும் மாற்றிவிடுவது அறிவுடைமை. அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயைப் பிரேக் கலத்தில் ஊற்றிய வண்டிகளில் இரப்பர் முழுதும் ஊதிப்போயிருக்கும். பிற்கால மகிந்திரா வண்டிகளின் இரட்டைச் சுற்று முதன்மை உருளையைப் பொருத்துவோரும் உளர். இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லாமல் மாற்றுப் பெட்டியின் பின்புறச் சுழல்தண்டில் அமைந்தது. பின் சுழல்தண்டைக் கழற்றினால் கைப்பிரேக்கும் இல்லை என்பதை அறியாமல், சரிவில் வண்டிக்கடியில் படுப்பது உயிருக்கு இடர்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில், பள்ளம் ஒன்றில் இறங்கியவுடன் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென ஆடத்தொடங்கி, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காமல் ஆடுவது பழைய ஜீப்பின் நன்கறியப்பட்ட நோய். இதற்கு ஸ்டியரிங் பெட்டியைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் கிங்பின் தாங்கிகளின் தேய்வு, முனைப்பந்துகளின் தளர்வு, நடுவிலுள்ள மணிநெம்பின் ஆட்டம், பட்டைகளின் புஷ் தேய்வு ஆகியவை சேர்ந்தே இதனை உண்டாக்குகின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் சில நாள்களில் மீண்டும் வரும். முன் அச்சின் முனையிலுள்ள கோளக்கூட்டின் சீல் கிழிந்து கிரீசு ஒழுகுவதும் இவ்வேளையிலேயே சரிசெய்யத்தக்கது.

அடிச்சட்டத்தில் விரிசல்கள் பட்டைத் தாங்கிகளின் அருகிலும் ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்திலும் தோன்றும். விரிசலின் முனையில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, பின்னர் பற்றவைத்து, உள்தகடு கொடுப்பது முறை. மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டி மறைப்பது முறையன்று.

எஞ்சினை இறக்கிக் கட்டுவதே செலவில் பெரிது. உருளைகளை அளந்து, தேய்வுக்கேற்ப அடுத்த அளவுக்குக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் பொருத்துவர். மாற்றித்தண்டை 0.25 மி.மீ. படிகளில் அரைத்துக் குறைந்த அளவுத் தாங்கிகள் இடுவர். இதற்கு முன் இருமுறை அரைக்கப்பட்ட தண்டா என்பதை லேத் பட்டறையில் அளந்து அறிந்தபின்பே பாகங்கள் வாங்கவேண்டும். எனினும், புகை என்றவுடன் எஞ்சினைப் பிரிப்பது தவறு. காற்று வடிகட்டி, நாசில், எரிபொருள் பம்ப் சீரமைவு ஆகியவற்றால் தீரும் கரும்புகையும் உண்டு. பாரத் நிலை நான்குக்கு முற்பட்ட டீசல் ஊர்திக்குப் புகைச்சோதனை வரம்பு ஒளி உறிஞ்சு கெழு 2.45 ஆகும். நன்கு சீரமைத்த பம்புடன் பழைய பெஜோ எஞ்சினும் இதற்குள் அடங்கும்.

மின்னமைப்பில் ஒட்டுப்போடுவதைவிட முழுக் கம்பிவடத்தையும் மாற்றுவது மலிவு. இராணுவத்தில் வானொலிக் கருவியுடன் இருந்த வண்டிகள் சிலவற்றில் 24 வோல்ட்டு அமைப்பு உள்ளது. கடையில் கிடைக்கும் 12 வோல்ட்டு விளக்கை அதில் மாட்டினால் உடனே எரிந்துபோகும்.

பயன்பாடு

கரும்பும் நெல்லும் விளையும் வளவனூர்ச் சமவெளியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சில வாரங்களைத் தவிர நாற்சக்கர இயக்கத்துக்கு வேலை குறைவு. வரப்போரச் சேற்றுப்பாதையில் அது டிராக்டருக்கு நிகராகாது, நெடுஞ்சாலையில் சாதாரண மகிழுந்துக்கு நிகராகாது. தேர்தல் பரப்புரைக்கும் ஊர்வலங்களுக்கும் திறந்த ஜீப்புகள் வாடகைக்கு எடுக்கப்படுவதால் இப்பகுதியில் அவற்றுக்குத் தேவை உண்டு. ஆனால் தனியார் பயன்பாட்டுக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பானது, காப்பீடும் செல்லாமல் போகும்.

பயன்படுத்தினும் பயன்படுத்தாவிடினும், மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் நாற்சக்கர இயக்கத்தை ஈடுபடுத்திச் சிறிது தொலைவு ஓட்டுவது நல்லது. முன் அச்சில் எண்ணெய் பரவி, சீல்கள் காயாமலும் நெம்புகோல்கள் இறுகாமலும் இருக்கும். குட்டையான அச்சிடைத் தொலைவும் உயர்ந்த ஈர்ப்பு மையமும் கொண்ட சிஜே-3பி போன்ற வண்டிகள் வேகமான திருப்பத்தில் கவிழக்கூடியவை. அவற்றில் இருக்கைப் பட்டையும் கவிழ்வுத் தடுப்புக் கம்பியும் தொழிற்சாலையிலிருந்து வந்தவையல்ல. கூரையின்றி ஓட்டுவோர் இவ்விரண்டையும் பொருத்தும் முன், எவ்வகைப் பொருத்தம் ஏற்கப்படும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.